கடைசி வீட்டுக்குப் போகும் தண்ணீர்

ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்கு வந்த கணக்கிலும் சைபர். எட்டு ஏழுக்குச் சைபர், ஏழு ஏழுக்குச் சைபர், நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருபத்துநான்கு சைபர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, சனிக்கிழமை பின்னேரம் ஆறு ஏழு வரை அப்படியே மேலே ஏறிப் போகின்றன. அதற்கு மேலே, ஐந்து ஏழுக்கு, நாற்பத்தொரு லீற்றர். இந்த டேனிஷ் ஊரில் ஒவ்வொரு வீட்டு நிலவறைச் சுவரிலும் ஒரு மீற்றர் இருக்கிறது. கடந்த ஒரு மணி நேரத்தில், வீடுகளைச் சூடாக்க எங்கள் நிலையம் அனுப்புகிற வெந்நீர் எத்தனை லீற்றர் அந்த வீட்டுக்குள் போனது என்று மணிக்கு ஒரு தடவை அது சொல்லும், பிறகு அடுத்த மணி வரை வாய் திறக்காது. பத்து ஏழு வரை இனி ஒன்றும் தெரியாது. வெளியே மைனஸ் பதின்மூன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் தண்ணீர் போகிறது. போகாத வீடு ஹெய்ரவெய் தெருவில் பதினான்காம் இலக்கம், குழாய் முடிகிற இடம், அதற்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் கடல். அங்கே சபாநடேசன் அண்ணை தனியே இருக்கிறார். எழுபத்திமூன்று வயது. நான்கு தடவை ரெலிபோன் அடித்துவிட்டேன். மணி போகிறது, எடுக்கவில்லை. இங்கிருந்து காரில் போனால் பதினொரு நிமிடம், ஆனால் நான் போக முடியாது, வெளியே மைனஸ் பத்துக்குக் கீழே போனால் கட்டுப்பாட்டு அறையில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி, இன்று காலைப் பணியில் இருப்பது நானும் ப்ரெபனும் மட்டும், ப்ரெபனை அனுப்பிவிட்டேன். அங்கே ஒரு மீற்றர் பழுது, போய்ப் பார், என்று சொல்லித்தான் அனுப்பினேன். மீற்றர் பழுது என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

மீற்றர் பழுதாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கிற பற்றரி பத்து வருடத்துக்கு மேல் தாங்காது, அது சாகிறபோது எல்லாமே சைபர் காட்டும். ஆனால் பற்றரி செத்தால் வெப்பநிலையும் வராது, இங்கே வெப்பநிலை வருகிறது, வீட்டு வாசலில் குழாய்த் தண்ணீர் ஒன்பது பாகை, ஆகவே மீற்றர் உயிரோடுதான் இருக்கிறது, தண்ணீர்தான் ஓடவில்லை. ஒரு மனிதன் செத்துப்போனதற்காகத் தண்ணீர் நிற்காது. இதை நான் காலையிலிருந்து நாலைந்து தரம் எனக்குச் சொல்லிவிட்டேன். கட்டிலில் செத்தாலும் கதிரையில் செத்தாலும் சுவரில் இருக்கிற சூடாக்கிக்குள் தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்த் தன்பாட்டுக்கு வரும், போன வருடம் ஆற்றங்கரைத் தெருவில் ஒரு கிழவர் பதினொரு நாள் அப்படிக் கிடந்தார், கணக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் நின்றால் யாரோ வால்வைப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டுவதற்கு ஒரு கை வேண்டும். ஆகவே சனிக்கிழமை ஐந்து ஏழுக்கும் ஆறு ஏழுக்கும் இடையில் அண்ணை உயிரோடு இருந்தார், நிலவறைக்கு இறங்கினார், பூட்டினார். இது வரைக்கும் மனம் ஆறுதலாக வருகிறது. பிறகு அந்த நிலவறைப் படி வந்துவிடுகிறது. ஒன்பது படிகள், சீமெந்து, கைபிடி ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் ஏறும்போது இடது கைக்கு. இறங்கியவர் ஏறினாரா என்று மீற்றர் சொல்லாது.

காலுக்குக் கீழே தரை உறுமுகிறது. ஒன்பது ஒன்பதுக்கு நான் பம்பைக் கூட்டினேன், அதுதான். மேசையில் இருந்தபடியே எந்தப் பம்பு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று என் முழங்காலுக்குத் தெரியும். பதினேழு வருடம். இந்த ஊர்க்காரருக்குத் தண்ணீரைச் சூடாக்குவது வைக்கோல் என்று தெரியும், ஒவ்வொரு ஒக்டோபரிலும் உழவுயந்திரங்கள் வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பிரதான வீதியால் வரிசையாக வருவதைப் பார்க்கிறார்கள். சூடான தண்ணீர் தானாக நாற்பத்தொரு கிலோமீற்றர் போய்த் திரும்பி வராது, அதை ஒருவர் தள்ள வேண்டும், தள்ளுவது மின்சாரம் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்காமல் இருந்தவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் கிர்ஸ்டன் முகாமையாளராக வந்து முதல் நாளே எங்கள் எல்லோரையும் இருத்தி ஒரு கோடு கீறிக் காட்டினாள். தள்ளுகிற தண்ணீரைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் பத்தில் ஒரு பங்கு குறையாது, நான்கில் ஒரு பங்கு குறையும். கோடு செங்குத்தாக விழுந்தது. மலையிலிருந்து கல் விழுகிற மாதிரி. எனக்கு அது பிடித்துக்கொண்டது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நிறையக் கிடைக்கிற விஷயம் வாழ்க்கையில் வேறு எங்கே இருக்கிறது. கடைசி வீட்டுப் பக்கம் போகிற குழாய்க்கும் திரும்புகிற குழாய்க்கும் இடையில் ஓர் அழுத்த வித்தியாசம் இருக்க வேண்டும், அது இருந்தால்தான் தண்ணீர் வீட்டுக்குள் நுழையும். முன்பெல்லாம் 0.8 பார் அழுத்தம் வைத்திருந்தோம். நான் 0.7 ஆக்கினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 0.6. ஒருவரும் சொல்லவில்லை. நவம்பரில் 0.4. கிர்ஸ்டன் மேல் எல்லையை 0.5 இல் பூட்டி வைத்தாள், அதற்கு மேலே கூட்டப் போனால் கணினி ஒரு முறைப்பாட்டு இலக்கம் கேட்கும், யாரோ ஒரு வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்துக் குளிர்கிறது என்று சொல்லி, அது பதிவாகி, அதற்கு ஓர் இலக்கம் விழ வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் ஓர் இலக்கமும் விழவில்லை. வெள்ளிக்கிழமை கிர்ஸ்டன் கேக் கொண்டுவந்தாள், மேலே நீலச் சீனிப்பாகில் 22 என்றும் சதவீதக் குறியும் எழுதியிருந்தது, நாங்கள் மிச்சம் பிடித்த மின்சாரம். முதல் துண்டை என்னை வெட்டச் சொன்னார்கள். நான் இரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவால் வெட்டினேன்.

அழுத்தத்தை அளக்கிற கருவி ஹெய்ரவெய் தெருவின் தொடக்கத்தில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. தெரு தொடங்குகிற இடத்தில் தண்ணீருக்குப் போதிய தள்ளல் இருந்தால் கணினிக்குத் திருப்தி. அங்கிருந்து பதினான்காம் இலக்கம் முந்நூறு மீற்றர், ஒடுங்கின பழைய குழாய், கடைசிக்குப் போகிறபோது தள்ளல் தேய்ந்துவிடும். இது எனக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது, கிர்ஸ்டனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால் அண்ணை ரெலிபோன் எடுப்பார். அலுவலகத்துக்கு எடுக்க மாட்டார், எனக்கு எடுப்பார். எங்கள் ஆட்களில் யார் அலுவலகத்துக்கு எடுப்பார்கள், அங்கே நம்மவன் ஒருவன் இருக்கும்போது. வைத்தியசாலை என்றால் அங்கே துடைக்கிற தேவி அக்காவுக்கு எடுப்போம், பாடசாலை என்றால் உணவறையில் நிற்கிற ஆளுக்கு எடுப்போம். அண்ணை நேரே விஷயத்துக்கும் வர மாட்டார். தம்பி, சாப்பிட்டியே. சுகிர்தா வேலையாலை வந்திட்டாளே. லண்டனிலை மகள் வீடு மாறியிட்டாள். பத்து நிமிடம் இப்படிப் போன பிறகு, வைக்கிற நேரத்தில், அதுசரி தம்பி, உதை ஒருக்காக் கொஞ்சம் கூட்டி விடேலாதே. உது என்ன என்று சொல்ல மாட்டார். குளிர்கிறது என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. மீன் தொழிற்சாலையில் இருபத்துநான்கு வருடம் நான்கு பாகைக் கூடத்தில் நின்று மீன் வெட்டியவர், ஐஸ் தண்ணீருக்குள் கை வைத்து வைத்து விரல் நுனி வெள்ளையாகிப் போனவர், குளிர் என்று சொல்வது அவருக்கு ஒரு வெட்கம். முதல் வருடங்களில் நான் கூட்டிவிடுவேன். இங்கே மேசையில் இரண்டு தட்டு, 0.8 ஐ 0.85 ஆக்கினால் போதும். ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுப்பார். வந்திட்டுது தம்பி, இப்ப நல்லா வருகுது. கோயிலில் தேரன்று எனக்குப் பக்கத்தில் நின்று ஆட்களுக்குச் சொன்னார், இந்த ஊர் முழுக்கச் சூடு விடுறது எங்கட பெடியன்தான், அவன் பூட்டினா வெள்ளைக்காரன் எல்லாம் விறைச்சுப் போவான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ப்ரெபனைக் கூப்பிட வேண்டும். இப்போது ஒன்பது இருபத்தாறு. ஒன்பது பதினாலுக்குப் புறப்பட்டவன், போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டேன். “எங்கே நிற்கிறாய்?” “வெதுப்பகத்தில். வரிசை கதவு வரைக்கும் நிற்கிறது. உனக்குக் கசகசா போட்டதா, வெறும் பன்னா?” “முதலில் அந்த மீற்றரைப் பார்த்துவிட்டு வந்து வாங்கேன்.” “விமல், மீற்றர் எங்கேயும் ஓடிப் போகாது. பத்து வருடமாக அதே சுவரில்தான் தொங்குகிறது. பன் ஒன்பதரைக்கு முடிந்துவிடும். கசகசாவா, வெறும் பன்னா?” கசகசா, என்று சொன்னேன். நான் கசகசா என்று சொன்னேன். ஒரு மனிதர் படிக்குக் கீழே கிடக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இருக்கிற நேரத்தில் என் வாய் கசகசா என்று தெளிவாக, டேனிஷ் உச்சரிப்புப் பிசகாமல், சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அவனை அவசரப்படுத்துவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீட்டில் அந்த ஒரு வீட்டு எண்ணை ஏன் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகத் திறந்து பார்த்தாய் என்பான். அவன் கேட்பான். கேட்டவன்தான். அது நடந்து நான்கு வருடம் இருக்கும், ஒரு நாள் மத்தியானம் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவன் திரும்பி, இதென்ன விமல், உன் பணி நேரத்தில் மட்டும் அழுத்தம் ஏறி ஏறி இறங்குகிறது, ஹெய்ரவெய்யில் உனக்கு மாமா யாரும் இருக்கிறாரா, என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் குளிக்கிறபோது ஊர் முழுக்கப் பம்பு பாடுகிறது, என்றான். கெட்ட மனதோடு சொல்லவில்லை, ப்ரெபன் எல்லோரையும் அப்படித்தான் சொல்வான், தன் தாயையும் சொல்வான். ஆனால் என் காது சூடாகிவிட்டது. அன்றிலிருந்து அண்ணைக்காக நான் ஒரு தட்டும் தட்டியதில்லை. பாக்கிறன் அண்ணை, என்பேன். அவ்வளவுதான். பிறகு கிர்ஸ்டன் வந்து கோடு கீறியபோது, குறைக்க முன்வந்த முதல் கை என்னுடையது. தன் ஆட்களுக்குக் கூட்டினவன் என்று சொன்னவர்கள் முன்னால், எல்லோரையும்விட அதிகம் குறைத்தவன். இதை நான் இன்று வரைக்கும் இப்படி வரிசையாக வைத்துப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமை நாலு இருபதுக்கு என் ரெலிபோன் முதல் தடவை அடித்தது. நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன், வேலை ஒன்றும் இல்லை, தொலைக்காட்சியில் கைப்பந்து. அவருடைய பெயர் திரையில் விழுந்தது. என் மனைவி சுகிர்தா பார்த்துவிட்டாள். “எடுங்கோவன். பாவம் மனுசன்.” “உதைக் கொஞ்சம் கூட்டி விடு எண்டு சொல்லப் போறார். வேறை என்ன.” “சொல்லட்டுமன். கேட்டா என்ன, காது தேஞ்சு போகுமே?” நான் ரெலிபோனைக் கவிழ்த்து வைத்தேன். அது மேசையில் கிடந்து அதிர்ந்து அதிர்ந்து உப்புப் போத்தலை நோக்கி நகர்ந்தது. நாலு முப்பத்தொன்றுக்கு இரண்டாம் தடவை. ஐந்து ஐந்துக்கு மூன்றாம் தடவை. மூன்றாவது நீளமாக அடித்தது. நான் எண்ணவில்லை, ஆனால் நீளம். அப்போது வெளியே மைனஸ் ஒன்பது, இரவு இறங்கும் என்று காலநிலைச் செய்தி சொல்லியிருந்தது. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன். பாக்கிறன் அண்ணை. பொய்தான், ஆனால் அவருக்கு ஒரு குரல் கேட்டிருக்கும். ஐந்து ஐந்துக்கு மூன்றாவது அழைப்பு, ஐந்து ஏழுக்கு நாற்பத்தொரு லீற்றர், ஆறு ஏழுக்குச் சைபர். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிர்ஸ்டனுடைய கோடு மாதிரி விழுகிறது. நாற்பத்தொரு லீற்றர் என்பதும் ஒன்றுமில்லை, அந்த அளவு வீட்டுக்கு இந்தக் குளிருக்கு மணிக்கு இருநூறு வேண்டும். இப்போது மூளை தன் வழக்கமான வேலையைத் தொடங்கிவிட்டது, கணக்குப் போடுகிறது, நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் கட்டின செங்கல் வீடு, சுவரில் அந்தக் காலத்துப் பஞ்சு, சனிக்கிழமை பின்னேரம் உள்ளே பதினாறு பாகை என்று வைத்தால் ஞாயிறு விடியப் பத்து, ஞாயிறு பின்னேரம் ஆறு, இன்று காலை மூன்று. மூன்றில் மனிதன் எவ்வளவு நேரம் இருப்பான் என்பதற்கு எங்களிடம் வாய்பாடு இல்லை, கட்டடத்துக்குத்தான் இருக்கிறது. ஒருவேளை லண்டனுக்குப் போயிருக்கிறாரோ. போனால் சொல்லாமல் போக மாட்டார். சொல்லத்தான் எடுத்தாரோ. தம்பி, நான் மகளிட்டைப் போறன், தண்ணியைப் பூட்டிப்போட்டுப் போறன் எண்டு சொல்லத்தான் எடுத்தாரோ. அப்படியும் இருக்கலாம். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ரெலிபோன் மணி போகிறது, லண்டனில் இருந்தால் மணியின் சத்தம் வேறு, இது இந்த நாட்டு மணி.

ஒன்பது முப்பத்துமூன்று. பொலிசுக்கு எடுக்கலாம். அவர்கள் நாற்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கிறார்கள், ப்ரெபன் இரண்டு கிலோமீற்றரில் பன் வாங்கிக்கொண்டு நிற்கிறான். நான் ப்ரெபனைத் திரும்பக் கூப்பிட்டேன். கார் சத்தம் கேட்டது. “வாங்கிவிட்டேன், வாங்கிவிட்டேன், கடைசி இரண்டு கசகசா.” “ப்ரெபன், அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்.” “வீட்டில் ஆள் இருப்பது வழக்கம்தானே.” “வயதானவர். தனியே. நான்கு தரம் எடுத்தேன், பதில் இல்லை. சனிக்கிழமையிலிருந்து தண்ணீர் உள்ளே போகவில்லை.” கார் இயந்திரத்தின் சத்தம் ஏறியது. “மீற்றர் பழுது என்றாயே.” “பழுதாகவும் இருக்கலாம்.” “பழுதாகவும் இருக்கலாம்,” என்று அவன் திருப்பிச் சொன்னான். பிறகு, “எப்போது உனக்குத் தெரிந்தது?” “இப்போதுதான் பார்த்தேன்,” என்றேன். அது உண்மை. ஏழு ஏழுக்குப் பார்த்தது இப்போதுதான் என்றால் உண்மை. அவன் வைத்துவிட்டான்.

இனி எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. எழுந்து யன்னலுக்குப் போனேன். சூரியன் வைக்கோல் கொட்டகைக்கு மேலே ஒரு கைப்பிடி உயரம் வந்திருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, சூடு இல்லை. ஊர் முழுக்கக் கூரைகள் புகையில்லாமல் நிற்கின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கூரை, புகைபோக்கி நம்முடையது ஒன்றுதான், எல்லோருடைய புகையையும் அது விடுகிறது. திரும்பி வந்து இருந்தேன். 0.5. காலையில் 0.4 இலிருந்து கூட்டினது அதுதான், இன்னும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன், 0.51, சிவப்புப் பெட்டி வந்தது, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிடவும். மூடினேன். திரும்பத் தட்டினேன். குறிப்பிடவும். பம்புகள் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன, மின்சாரம் தாராளமாக வருகிறது, மேற்குக் கரை முழுக்கக் காற்றாலைகள் சுற்றுகின்றன, தண்ணீர் எழுபத்தைந்து பாகையில் கொதிகலனிலிருந்து வெளியே வந்து நிற்கிறது, தள்ளுவதற்கு நான் இருக்கிறேன், தள்ள முடியாது. தள்ளினாலும் பூட்டின வால்வுக்கு முன்னால் போய் நிற்கும். இதே சைபரைத்தான் காட்டும். கையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசைமேல் வைத்தேன். மேசை அதிர்கிறது. அண்ணையோடு நான் அகதி முகாமில் எட்டு மாதம் ஓர் அறையில் இருந்தேன், அவர் குறட்டை விடுவார், அது நினைவுக்கு வருகிறது, வேறு ஏதாவது பெரிய விஷயம் வரக்கூடாதா, குறட்டைதான் வருகிறது, விட்டு விட்டு வந்து, ஓரிடத்தில் நின்று, நான் இருட்டில் கண்ணை முழித்துக்கொண்டு அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கிர்ஸ்டன் அறைக் கதவு சாத்தியிருக்கிறது, அவள் பத்து மணிக்கு வருவாள். வந்தால் பன் எங்கே என்று கேட்பாள்.

ஒன்பது நாற்பத்தாறுக்கு அடித்தது. ப்ரெபன். எடுத்தேன். “இருக்கிறார்,” என்றான். “கேட்கிறதா? இருக்கிறார். சமையலறையில் மின்சார அடுப்பின் கதவைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருக்கிறார். இரண்டு மேலங்கி, தலையில் கம்பளித் தொப்பி. சமையலறையில் பதினொரு பாகை. முன்னறையில் நான்கு, என் கையில் மானி இருக்கிறது, நான்கு. நிலவறைக்குப் போனேன். வால்வை அவரே பூட்டியிருக்கிறார். திறந்தேன், தண்ணீர் வருகிறது, ஆனால் முப்பத்தெட்டு பாகைக்கு மேலே ஏறவில்லை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. இதை வைத்து இந்த வீட்டைச் சூடாக்க முடியாது, விமல். ஆனால் இவர் எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம் என்கிறார். எனக்குக் கோப்பி போடுகிறார். கை கொடுத்தார், மீனைப் பிடித்த மாதிரி இருந்தது. முறைப்பாடு எழுதட்டுமா என்றால் தலையை ஆட்டுகிறார், ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. நீயே கேள்.” ரெலிபோன் கை மாறுகிற சத்தம். மூச்சு. “ஆரது, விமலோ. சுகமாயிருக்கிறியளோ?” முப்பத்தெட்டு வருடமாக நீ என்று கதைத்தவர், இப்போது நீங்கள் என்கிறார். “அண்ணை, ஏன் ரெலிபோன் எடுக்கேல்லை?” “அது மேல்வீட்டிலை கிடக்குது. அங்கை விறைப்பு, நான் ஏறுறேல்லை.” “தண்ணியை ஏன் பூட்டினனீங்கள்?” “வாறதெண்டா ஒழுங்கா வரவேணும். அது ஒரு வெந்தும் வேகாத தண்ணி. உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல். சனிக்கிழமை எடுத்தனான், வேலையாக்கும்.” “ஓம் அண்ணை,” என்றேன், “வேலை.” “அதுதானே. சரி, இந்த மனுசன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறான், நான் சறத்தோடை நிக்கிறன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காற்சட்டை போட்டிருப்பனே. ஏதோ எழுதட்டோ எண்டு கேக்கிறான். ஒண்டும் எழுத வேண்டாம், இஞ்சை ஒரு குறையும் இல்லையெண்டு அவனுக்கு விளங்கப்படுத்திச் சொல்லுங்கோ. உங்கட வேலையிடத்திலை என்ர பேர் ஒரு கடுதாசியிலையும் வரக்கூடாது. பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல். சொல்லுறியளோ?” “சொல்லுறன் அண்ணை.”

ப்ரெபன் திரும்ப வந்தான். பின்னால் கோப்பைகள் சத்தமிட்டன. “என்ன சொல்கிறார்?” முறைப்பாடு இல்லை என்றால் இலக்கம் இல்லை, இலக்கம் இல்லை என்றால் 0.5. வால்வு திறந்திருக்கும், முப்பத்தெட்டுப் பாகைத் தண்ணீர் போகும், பத்து ஏழுக்கு மீற்றர் ஐம்பது என்று காட்டும், சைபர் அழிந்துவிடும், இருபத்திரண்டு அப்படியே இருக்கும். அவர் சொன்னதை அப்படியே சொன்னால் போதும். ஒரு சொல் மாற்றத் தேவையில்லை. நான் பொய் சொல்லாமல் இருக்கக்கூடிய இடம் காலையிலிருந்து இது ஒன்றுதான் வந்திருக்கிறது. “குளிர்கிறதாம்,” என்றேன். “இவ்வளவு நேரம் கதைத்தது அவ்வளவுதானா?” “நவம்பரிலிருந்து குளிர்கிறதாம்.” “பொறு, நான் வாசலுக்குப் போகிறேன், முறைப்பாடு பதிகிற கணினிப் பலகையைத் திறக்கிறேன்.” கதவு திறந்து மூடியது. காற்று. அவன் கையுறையைக் கழற்றிக் கணினிப் பலகையைத் தட்டுகிற சத்தம். “முகவரி இருக்கிறது. உள் வெப்பநிலை நான்கு. சரி. முன்பே அறிவித்தாரா, ஆம், இல்லை?” “ஆம்.” “எத்தனை தடவை?” என் சொந்த ரெலிபோனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டு போனேன். நவம்பரிலிருந்து அவர் அடித்து நான் எடுத்துப் பேசியது ஒன்பது, நான் எடுக்காதது மூன்று. “பன்னிரண்டு.” “பன்னிரண்டா? அலுவலகப் பதிவில் ஒன்றுமில்லையே, விமல். நான் இப்போது பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வெறுமை.” “அலுவலகத்துக்கு எடுக்கவில்லை.” “பிறகு யாருக்கு அறிவித்தார்? இங்கே பெயர் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.” “எனக்கு.” தட்டுகிற சத்தம் நின்றது. அவனுக்குப் பின்னால் கதவு திரும்பத் திறந்தது, அண்ணை முப்பத்தெட்டு வருட டேனிஷில் பாலா, பால் இல்லாமலா என்று கேட்டார். பால், என்றான் ப்ரெபன், நன்றி என்றான். கதவு மூடும்வரை பொறுத்திருந்தான். நான் அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், மாமா என்று ஏதாவது சொல்வான் என்று. “முழுப் பெயரைச் சொல்,” என்றான். “எழுத்துக் கூட்டிச் சொல். பதினேழு வருடம் விமல் என்றே கூப்பிட்டுவிட்டேன், எனக்கு மற்றது தெரியாது.”